ஹாலோவீன் பார்ட்டிக்கு ஏழு அடுக்கு டிப்... வெண்ணந்தூர் சமையலறையில் எல்லாமே இருக்கு!

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் போதும். செல்போனைத் திறந்தால் எலும்புக்கூடு, வவ்வால், சூனியக்காரித் தொப்பி என்று வரிசையாக வந்து நிற்கும். கூடவே தவறாமல் வருவது ஒரு கண்ணாடிக் கிண்ணம். உள்ளே பழுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை என அடுக்கு அடுக்காக நிறங்கள். மேலே வெள்ளை நிறத்தில் ஒரு சிலந்தி வலை, நடுவில் கறுப்பாக ஒரு சிலந்தி. சுற்றிலும் முக்கோண வடிவ சோளச் சிப்ஸ். ஒரு சிப்ஸை எடுத்து, அடுக்குகளை அள்ளி, அப்படியே வாயில் போட வேண்டியதுதான். இதுதான் ஹாலோவீன் பார்ட்டிகளின் ஆஸ்தான தீனியான 'ஏழு அடுக்கு டிப்'.

பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஐ.டி. நிறுவனங்கள், சில தனியார் பள்ளிகள் என்று இந்தக் கொண்டாட்டம் நம் பக்கமும் மெல்ல எட்டிப் பார்க்கிறது. 'எங்களுக்கும் அதே மாதிரி செஞ்சு குடும்மா' என்று பிள்ளைகள் கேட்டால் அம்மாக்களுக்கு முதலில் வரும் தலைவலி, சாமான் பட்டியல்தான். சவர் க்ரீம், செடார் சீஸ், கறுப்பு ஆலிவ், ஜலபீனோ மிளகாய், டார்ட்டியா சிப்ஸ். சென்னை சூப்பர் மார்க்கெட்டில் இவை கிடைக்கும். ராசிபுரம் பக்கத்தில், தறிச் சத்தம் கேட்கும் வெண்ணந்தூர் தெருக்களில் இருக்கும் மளிகைக் கடையில் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். ஆன்லைனில் வாங்கினாலோ, ஒரு மாலைநேரத் தீனிக்காக மாத மளிகையில் ஒரு பங்கு போய்விடும்.

இந்தப் பட்டியலைப் பார்த்து, 'இதெல்லாம் நமக்கு ஆகாது' என்று ஒதுங்கத் தேவையில்லை. அந்தக் கிண்ணத்தில் இருக்கும் ஒவ்வோர் அடுக்குக்கும் சேலம், நாமக்கல் வட்டாரச் சமையலில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அதைவிட முக்கியமாக, அடுக்கு வைத்துச் சாப்பிடும் கலை இந்த மண்ணுக்கு அத்துப்படி. தினமும் சாயங்காலம் தள்ளுவண்டிகளில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்!

டிப்பின் கதை என்ன?

டிப் என்றால் வேறொன்றும் இல்லை, தொட்டுச் சாப்பிடும் கெட்டிச் சட்னி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மெக்சிகோவை ஒட்டியிருக்கிறது. இரண்டு ஊர்ச் சமையலும் கலந்து 'டெக்ஸ்-மெக்ஸ்' என்ற தனி ருசி அங்கே உருவானது. அந்த வழியில் வந்ததுதான் இந்த அடுக்கு டிப். 1981-இல் அமெரிக்காவின் 'ஃபேமிலி சர்க்கிள்' என்ற குடும்ப இதழில் 'டெக்ஸ்-மெக்ஸ் டிப்' என்ற பெயரில் இதன் குறிப்பு வெளியானது. அந்தப் பெயரில் அடுக்கு என்ற பேச்சே இல்லை. பிறகுதான் 'ஏழு அடுக்கு' என்ற பெயர் நிலைத்தது.

வழக்கமான ஏழு அடுக்குகள் இவை: அடியில் வேகவைத்து மசித்த பயறு, அதன்மேல் வெண்ணெய்ப்பழ மசியல், புளித்த க்ரீம், தக்காளிக் காரச் சட்னி, துருவிய சீஸ், ஆலிவ், வெங்காயத் தாள். வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு மாறும். ஹாலோவீனுக்கு என்றால் புளித்த க்ரீமைக் கோனில் போட்டு மேலே சிலந்தி வலை வரைந்துவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஹாலோவீன் அக்டோபர் 31 அன்று வருகிறது. மறுநாள் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவர் பெருவிழா, அதற்கடுத்த நாள் நம் ஊர்க் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். அந்தப் புனிதர் விழாவுக்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் அயர்லாந்துப் பக்கம் கொண்டாடப்பட்ட 'சாவின்' என்ற பழைய பண்டிகையின் வழக்கங்களும் இதில் கலந்திருக்கின்றன. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, அங்கே கைக்குக் கிடைத்த பெரிய பூசணி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. போன ஊரில் கிடைப்பதை வைத்துப் பண்டிகையைக் கொண்டாடுவது அந்தப் பண்டிகைக்கே புதிதில்லை.

சேலத்தின் அடுக்குத் தீனி

1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் பிரிந்ததே தவிர, நாக்கு பிரியவில்லை. சேலத்தின் அடையாளமான தட்டுவடை செட்டை இந்தப் பக்கத்து ஊர்களும் அதே ஆசையோடு சாப்பிடுகின்றன.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மற்ற ஊர்களில் தட்டை என்று சொல்லும் பலகாரம்தான் இங்கே தட்டுவடை. சிறியதாக, மொறுமொறுவென இருக்கும் ஒரு தட்டுவடையை எடுத்து, அதில் காரமான சிவப்புச் சட்னியும் மல்லி, புதினா வாசனையோடு பச்சைச் சட்னியும் தடவுவார்கள். அதன்மேல் துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடை வைத்து மூடினால் ஒரு செட். கடித்தால் முதலில் மொறுமொறுப்பு, அடுத்து ஈரம், அப்புறம் காரம், கடைசியில் பீட்ரூட்டின் இனிப்பு.

இதிலேயே பல வகை உண்டு. பூண்டுச் சட்னி தூக்கலாக இருந்தால் பூண்டு செட். தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். மாங்காய்க் காலத்தில் மாங்காய் செட். வேகவைத்த முட்டையை வில்லையாக வெட்டி நடுவில் வைத்தால் முட்டை செட். கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்போன நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்கா பஞ்சம்? எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு நொறுக்கிக் கலந்து கொடுத்தால் அது நொறுக்கல்.

வண்டிக்காரர் கையைக் கவனித்துப் பாருங்கள். தட்டுவடை ஒரு டப்பாவில் மூடி இருக்கும். சட்னிகள் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்கும். துருவல் தனி, வெங்காயம் தனி. நீங்கள் கேட்ட பிறகுதான் கை வேலையைத் தொடங்கும். முன்கூட்டியே நூறு செட் அடுக்கி வைத்தால் வேலை மிச்சம்தான். ஆனாலும் யாரும் அப்படிச் செய்வதில்லை. பத்து நிமிடம் தாமதித்தால் தட்டுவடை நமத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமத்துப் போவது ஏன்?

தட்டுவடை மாவு எண்ணெயில் விழுந்ததும் 'சொய்ங்' என்று குமிழி கிளம்புகிறது அல்லவா? மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியேறும் சத்தம் அது. சலசலப்பு அடங்கியது என்றால் உள்ளே ஈரம் பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். அந்த வறட்சிதான் மொறுமொறுப்பு. வறண்ட பொருள் பக்கத்தில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். சட்னி பட்டதும் மாவு அந்தத் தண்ணீரைக் குடித்து இளகிவிடுகிறது. மழைநாளில் டப்பா மூடியைத் திறந்து வைத்தால் முறுக்கு நமத்துப்போவதும் இதனால்தான்.

இன்னொரு கள்ளனும் உண்டு. அது உப்பு. வெங்காயம், தக்காளி, கேரட் எதில் உப்பு போட்டாலும் காய் தன் தண்ணீரைக் கக்கும். அதனால்தான் துருவலில் முன்னாலேயே உப்புச் சேர்க்கக் கூடாது.

அமெரிக்கக் கிண்ணத்திலும் இதே கணக்குதான். ஈரமான அடுக்குகள் எல்லாம் கிண்ணத்துக்குள், மொறுமொறுப்பான சிப்ஸ் வெளியே. இரண்டும் சந்திப்பது சாப்பிடுபவர் கையில், அந்த நொடியில். தட்டுவடை செட்டை வீட்டுப் பார்ட்டிக்குக் கொண்டுவர நினைத்து, முன்கூட்டியே அடுக்கி வைத்து, கடைசியில் கொழகொழவென்று ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கிண்ணம் நல்ல வழியைக் காட்டுகிறது. செட்டின் உள்ளே வைப்பதையெல்லாம் கிண்ணத்தில் அடுக்குங்கள். தட்டுவடையை வெளியே வையுங்கள்.

எதற்கு எது மாற்று?

அமெரிக்கர்கள் அடியில் போடும் பயறு மசியலுக்கு, கொங்குப் பக்கத்துத் தட்டப்பயறு கடைசல் அப்படியே பொருந்தும். மத்தால் கடைந்த பயறுதானே அதுவும்! கொள்ளுக் கடைசலும் போடலாம்.

புளித்த க்ரீமுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர். தக்காளி சால்ஸாவுக்குப் பதில் பூண்டு, தக்காளிக் காரச் சட்னி. வெண்ணெய்ப்பழ மசியலுக்குப் பதில் மல்லி, புதினாச் சட்னி. பட்டர் ஃப்ரூட் என்று நாம் சொல்லும் அந்தப் பழம் ஏற்காடு, கொடைக்கானல் மலைகளில் விளைகிறது. கிடைத்தால் ஒன்றை மசித்துச் சட்னியில் சேர்க்கலாம், கிடைக்காவிட்டால் குறையில்லை. சீஸின் மஞ்சள் நிறத்துக்கு, ஹாலோவீனின் நாயகனான பூசணியையே கூப்பிடலாம். சேலம், நாமக்கல் சந்தைகளில் அதற்கு அரசாணிக்காய் என்று பெயர். ஆலிவுக்குப் பதில் கறுப்பு திராட்சை.

சிப்ஸ் பற்றிக் கவலையே வேண்டாம். தட்டுவடை இருக்கிறது. பக்கத்து ஊரான ஆட்டையாம்பட்டியின் கைமுறுக்கு இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு விளையும் மண் என்பதால் குச்சிக்கிழங்கு சிப்ஸ் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியில் செய்த வடகத்தையும் பொரித்து வைக்கலாம்.

ஏழு அடுக்கு 'செட்' டிப்: 10 முதல் 12 பேருக்கு

அகலமான, ஓரம் நேராக நிற்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வேண்டும். 2 லிட்டர் பிடித்தால் சரியாக இருக்கும். கண்ணாடி இல்லாவிட்டால் ஓரம் உயர்ந்த தட்டும் போதும். நிறங்கள் வெளியே தெரியாது, ருசி மாறாது.

அடுக்கு 1: தட்டப்பயறு கடைசல். 200 கிராம் தட்டப்பயறை 6 முதல் 8 மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் 4 அல்லது 5 விசில் விட்டு வேகவையுங்கள். தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள், ரசத்துக்கு ஆகும். 2 மேசைக்கரண்டி எண்ணெயில் 1 தேக்கரண்டி சீரகம், 3 வரமிளகாய், 6 பல் பூண்டு, 8 சின்ன வெங்காயம் வதக்கி, பயறோடு சேர்த்து உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழக் கூடாது. அந்தக் கெட்டிதான் அளவு. அடித்தளம் தளர்ந்தால் மேலே இருப்பதெல்லாம் சரிந்துவிடும்.

அடுக்கு 2: அரசாணிக்காய் மசியல். 400 கிராம் அரசாணிக்காயைத் தோல் சீவி, துண்டுகளாக்கி, தண்ணீர் சேர்க்காமல் இட்லித் தட்டில் 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். 1 மேசைக்கரண்டி எண்ணெயில் 2 வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, வெந்த காயை மசித்துச் சேர்த்து, உப்பிட்டு, நீர் சுண்டும்வரை கிளறுங்கள். கண்ணாடி வழியே பார்க்கும்போது ஆரஞ்சுப் பட்டை பளிச்சென்று தெரியும்.

அடுக்கு 3: கெட்டித் தயிர். 1 லிட்டர் புளிப்பில்லாத தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு வடிகட்டியில் வைத்து 4 மணி நேரம் நீர் வடிய விடுங்கள். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்தலாம். கெட்டித் தயிரில் உப்பு, சீரகத்தூள் சேர்த்து நன்றாக அடித்து, மூன்றில் ஒரு பங்கை வலைக்கு எடுத்து வையுங்கள்.

அடுக்கு 4: பூண்டு, தக்காளிக் காரச் சட்னி. 4 தக்காளி, 10 பல் பூண்டு, 6 வரமிளகாய், கொட்டைப்பாக்கு அளவில் பாதி புளி. எல்லாவற்றையும் வதக்கி அரைத்து, 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை சுண்ட வையுங்கள். குழந்தைகள் அதிகம் என்றால் மிளகாயைப் பாதியாகக் குறைத்து, நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய் சேர்க்கலாம்.

அடுக்கு 5: பீட்ரூட், கேரட் துருவல். 1 பீட்ரூட், 2 கேரட். தனித்தனியாகத் துருவி, தனித்தனியாகக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். முதலில் பீட்ரூட், அதன்மேல் கேரட். பீட்ரூட் சாயம் விடும். சிவப்புச் சட்னிமேல் அது உட்கார்ந்தால் சாயம் வெளியே தெரியாது. தயிர்மேல் வைத்தால் கிண்ணமே ரோஸ் நிறமாகிவிடும். உப்புப் போட வேண்டாம்.

அடுக்கு 6: மல்லி, புதினாச் சட்னி. மல்லித்தழை 1 கட்டு, புதினா அரைக் கட்டு, பச்சை மிளகாய் 4, தேங்காய்த் துருவல் அரை கப், பொட்டுக்கடலை 3 மேசைக்கரண்டி, சிறு துண்டு இஞ்சி, உப்பு, 1 எலுமிச்சைச் சாறு. மிகக் குறைந்த தண்ணீரில் வெண்ணெய்போல அரையுங்கள். பொட்டுக்கடலைதான் இங்கே காவலாளி. சட்னியின் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அக்டோபரில் மாங்காய் கிடைக்காது என்பதால் புளிப்புக்கு எலுமிச்சை. சட்னியைக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து கரண்டி கரண்டியாக வைத்து, நடுவை நோக்கி மெதுவாக இணையுங்கள். அழுத்தித் தேய்த்தால் துருவல் கிளம்பிவிடும்.

அடுக்கு 7: சிலந்தி வலை. எடுத்துவைத்த தயிரைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையில் நிரப்பி, நுனியை மிகச் சிறிதாக வெட்டுங்கள். மருதாணிக் கோன் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு வேலையே அல்ல. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி 4 அல்லது 5 வட்டங்கள். பிறகு பல்குத்தும் குச்சியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால், வட்டங்கள் வளைந்து வலையாகிவிடும். 8 இழுப்பு போதும். பாதியாக வெட்டிய கறுப்பு திராட்சை சிலந்தியின் உடல், ஓமப்பொடித் துண்டுகள் கால்கள். பிள்ளைகளிடம் ஓமப்பொடியைக் கொடுத்துவிடுங்கள். சிலந்திக்கு 6 அல்ல, 8 கால் என்று அவர்களே எண்ணி வைப்பார்கள். பரிமாறுவதற்கு முந்தைய நிமிடம் வைத்தால் போதும். முன்னாடியே வைத்தால் சிலந்திக்கும் கால் நமத்துவிடும்!

பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் எலுமிச்சைத் துண்டுகளையும் தனிக் கிண்ணங்களில் பக்கத்தில் வையுங்கள்.

டிப்புக்கென்று ஒரு தட்டுவடை

கடையில் வாங்கிய தட்டுவடையே போதும். வீட்டில் செய்வதாக இருந்தால் 2 கப் அரிசி மாவு, கால் கப் பொட்டுக்கடலை மாவு, வறுத்து அரைத்த உளுந்து மாவு 2 மேசைக்கரண்டி, அரை மணி நேரம் ஊறவைத்து வடித்த கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், பெருங்காயம், எள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, தண்ணீர் தெளித்துக் கெட்டியாகப் பிசையுங்கள்.

நெல்லிக்காய் அளவு உருண்டையாக்கி, 4 முதல் 5 செ.மீ. அகலத்துக்கு மெல்லிசாகத் தட்டுங்கள். முள்கரண்டியால் நான்கைந்து இடத்தில் குத்திவிட்டால் பூரிபோல உப்பாது. மிதமான தீயில், சலசலப்பு முழுவதும் அடங்கும்வரை பொரித்தெடுங்கள். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதற்கு எமன்.

தீபாவளிக்குச் சுட்ட தட்டை மிச்சமிருந்தால் இன்னும் நல்லது. 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 அன்று ஒரே நாளில் வந்தன. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20 அன்றே வந்துவிட, இடையில் 11 நாள்தான். காற்றுப்புகாத டப்பாவில் இருந்தால் தட்டை அதுவரை தாராளமாகத் தாங்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம் உறவுகளுக்கு இது கைகண்ட யோசனை. ஊரிலிருந்து வந்த பார்சலில் இருக்கும் தட்டையை, பிள்ளைகளின் ஹாலோவீன் மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

எப்போது எதைச் செய்வது?

முதல்நாள் இரவே கடைசல், அரசாணிக்காய் மசியல், காரச் சட்னி மூன்றையும் செய்து, ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தயிரையும் கட்டிவிடுங்கள். மறுநாள் துருவலும் பச்சைச் சட்னியும் மட்டும்தான் வேலை. பார்ட்டிக்கு 2 மணி நேரம் முன்னால் அடுக்கி, மூடி, திரும்ப ஃப்ரிட்ஜில் வையுங்கள். எந்த அடுக்கும் சூடாக இருக்கக் கூடாது. சூடு பட்டால் தயிர் இளகி, அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சாப்பிடுவதிலும் ஒரு சின்ன மாற்றம். சோளச் சிப்ஸ் வளைந்து கரண்டிபோல இருக்கும், அள்ளலாம். தட்டுவடை தட்டையானது, அழுத்தினால் உடையும். எனவே கிண்ணத்தில் ஒரு நீளக் கரண்டி போட்டு வையுங்கள். அடிவரை விட்டு ஒரு கரண்டி எடுத்து, ஒரு தட்டுவடைமேல் வைத்து, வெங்காயம் தூவி, இன்னொரு தட்டுவடையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். அவரவர் செட்டை அவரவரே செய்துகொள்வார்கள். பார்ட்டியில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு வேறென்ன வேண்டும்? ஒரே தட்டுவடையைக் கடித்துவிட்டு மறுபடி கிண்ணத்தில் முக்கும் பிரச்னையும் தீர்ந்தது.

கவனிக்க வேண்டியவை

தயிர், தேங்காய், வெந்த பயறு எல்லாம் சீக்கிரம் கெடக்கூடியவை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. சேலம், நாமக்கல் பக்கத்து வெயில் சொல்லிக்கொண்டு வராது என்பதால், பெரிய பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் கிண்ணத்தை வைப்பது நல்லது. பெரிய கூட்டம் என்றால் ஒரே கிண்ணத்துக்குப் பதில் இரண்டு சிறிய கிண்ணங்கள் செய்து, ஒன்றை ஃப்ரிட்ஜிலேயே விட்டு வைக்கலாம்.

சிறு குழந்தைகளுக்குத் திராட்சையைப் பாதியாகக் கொடுப்பதும் ஆபத்து. தொண்டையில் சிக்காமல் இருக்க, நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பினால், எள், பால், கடலை என்று என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நிலக்கடலையோ எள்ளோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அந்தச் சீட்டு உதவும்.

நேரத்துக்குள் மிஞ்சியதைத் தூக்கிப்போட வேண்டாம். தட்டுவடையை நொறுக்கி, கிண்ணத்தில் இருப்பதைக் கலந்தால் நொறுக்கல் தயார். அதைச் சாப்பிட ஆள் தேட வேண்டியிருக்காது.

பண்டிகைக்குப் பொருத்தமான கை

ஒன்றைக் குடைந்து, நிரப்பி, நெருப்பில் காட்டிக் கொண்டாடுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதா என்ன? ஆடி முதல் நாள் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கங்களில் தேங்காய் சுடும் பண்டிகை நடக்கிறது. தேங்காயின் நாரை வழவழவென்று தேய்த்து எடுத்து, ஒரு கண்ணைத் துளைத்து, பச்சைப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, அவல், வெல்லம் எல்லாம் திணித்து, அழிஞ்சில் குச்சியைச் செருகி, நெருப்பில் சுட்டு, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உடைத்துச் சாப்பிடுவார்கள். அந்த நெருப்பின் முன் நின்ற குழந்தைக்கு, குடைந்த பூசணிக்குள் விளக்கு வைக்கும் ஊரின் சந்தோஷம் புரியாமலா போகும்?

வெண்ணந்தூர் என்றால் அவுல் மிட்டாய், ஆட்டையாம்பட்டி என்றால் முறுக்கு, ராசிபுரம் என்றால் நெய் என்று ஊருக்கு ஒரு தீனியைச் சொல்லும் பக்கம் இது. இந்தத் தீனிகளின் பின்னால் அதிகாலையில் மாவு பிசையும் கைகள் இருக்கின்றன. தறி வேலை குறையும் மாதங்களில் ஒரு தள்ளுவண்டியும் ஓர் எண்ணெய்ச் சட்டியும் ஒரு குடும்பத்தைக் கரைசேர்க்கும். பிள்ளைகளின் பார்ட்டி மேசையில் வெளிநாட்டுச் சிப்ஸ் பாக்கெட் இருக்கும் இடத்தில் பக்கத்துத் தெருத் தட்டுவடை இருந்தால், அந்தக் காசு அந்தச் சட்டிக்குத்தான் போய்ச் சேரும்.

பிறந்தநாள், பள்ளி விழா, ஹாலோவீன் என்று இந்த அடுக்குக் கிண்ணத்துக்கு ஆர்டர் எடுத்துச் சிறுதொழிலாகச் செய்யவும் வாய்ப்பு இருக்கிறது. வீட்டிலிருந்து விற்றாலும், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன்படி உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது அவசியம். கிண்ணத்தையும் தட்டுவடையையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுங்கள். எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் மேலே எழுதுங்கள். தட்டுவடை டப்பாவை மட்டும் கடைசி நிமிடம்வரை திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.